கழுத்துக் குழாயோடு வீடு திரும்பும் நோயாளி: குடும்பமும் ஊரும் அறிய வேண்டியவை

‘அவருக்குத் தொண்டையில ஓட்டை போட்டிருக்காம்’ என்று ஒருவர் சொன்னால் போதும். கேட்பவர்கள் அந்த நோயாளியின் கதை முடிந்துவிட்டது போலவே பேசத் தொடங்குகிறார்கள். ஆனால் ட்ரக்கியொஸ்டமி எனப்படும் அந்தச் சத்திரசிகிச்சை மூச்சைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்படுவது. அந்தக் குழாயோடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வீட்டில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பலருக்குக் குழாய் பின்னர் கழற்றப்பட்டு, துளையும் மூடிவிடுகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் உள்ளவர்கள் அந்தக் குழாயைப் பராமரிக்கப் பழகியிருக்க வேண்டும்.

நான் வைத்தியர் அல்ல, பாடசாலை ஆசிரியர். திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், உம்மாவின் தம்பியான எனது மாமாவை நான்கு மாதங்கள் இந்தக் குழாயோடு வைத்துப் பராமரித்தோம். அந்த அனுபவத்தையும், வைத்தியர்களும் தாதியர்களும் எங்களுக்கு விளங்கப்படுத்தியவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் நோயாளிக்கு உங்கள் வைத்தியசாலை தனியாக ஏதும் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நமக்குத் தெரிந்த உதாரணங்கள்

2016ஆம் ஆண்டு சென்னையில் இரண்டு பெரிய தலைவர்களுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. செப்டெம்பரில் அப்பலோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஜெயலலிதாவுக்கு நீண்ட நாள் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டதால் கழுத்தில் குழாய் வைக்கப்பட்டது. அவர் டிசம்பர் 5ஆம் திகதி காலமானார். அதே டிசம்பரில் காவேரி வைத்தியசாலையில் 92 வயதான கருணாநிதிக்கும் ட்ரக்கியொஸ்டமி செய்தார்கள். பேச்சாலேயே பெயர் பெற்ற அந்த மனிதர் மேடைப் பேச்சை இழந்தார். ஆனால் உயிரோடு கோபாலபுரம் வீட்டுக்குத் திரும்பினார். பத்தொன்பது மாதங்களுக்கு மேல் குழாயோடு வாழ்ந்தார். குழாயை மாற்றுவதற்காக இடையிடையே வைத்தியசாலைக்குப் போய் வந்தார். 2018 ஓகஸ்ட் 7ஆம் திகதி தனது 94ஆவது வயதில்தான் காலமானார். அவருக்கு வீட்டிலேயே வைத்தியரும் தாதியரும் இருந்தார்கள். நமது வீடுகளில் அந்த வேலையை மனைவியும் பிள்ளையும்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தச் சிகிச்சைக்கும் நமது முன்னோர்களுக்கும் தொடர்பு உண்டு. கொர்தோவாவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை மேதை அல்-ஸஹ்ராவி, தனது தொண்டையைத் தானே கத்தியால் அறுத்துக்கொண்ட ஒரு பணிப்பெண்ணைப் பற்றித் தனது நூலில் எழுதியிருக்கிறார். மூச்சுக்குழாயில் பட்ட காயத்தை அவர் தைத்தார், அவள் பிழைத்துக்கொண்டாள். மூச்சுக்குழாய்க் காயம் ஆறாது என்ற பயம் அதனால் குறைந்தது. 12ஆம் நூற்றாண்டில் செவில்லே நகரின் இப்னு ஸுஹ்ர் ஓர் ஆட்டின் மூச்சுக்குழாயை வெட்டி, அது ஆறுகிறதா என்று சோதித்துப் பார்த்துப் பதிவுசெய்தார்.

குழாய் என்ன செய்கிறது?

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கத்தில் துளையிட்டு வளைந்த குழாய் ஒன்றை வைக்கிறார்கள். தலையில் அடிபட்டு நீண்ட நாள் மயக்கத்தில் இருப்பவர், பல நாட்களாகச் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருப்பவர், தொண்டையில் கட்டி வந்து மூச்சுப் பாதை அடைபட்டவர், சளியைத் தானே இருமி வெளியேற்ற முடியாதவர் ஆகியோருக்கு இது தேவைப்படும்.

குரல் போவதற்குக் காரணம் குரல் நாண்களை வெட்டியதல்ல. காற்று அவற்றுக்குக் கீழேயே குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது. நாண்கள் வழியே காற்றுப் போகாவிட்டால் சத்தம் வராது. இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

மூக்கு செய்யும் மூன்று வேலைகளும் இவருக்கு இல்லாமல் போகின்றன. மூக்கு காற்றைச் சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது, தூசை வடிகட்டுகிறது. குழாய் வழியே உலர்ந்த காற்று நேராக நெஞ்சுக்குள் போகும்போது சளி தடித்துக் காய்ந்து, பசை போலக் குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் வரும் ஆபத்துகளில் முக்கியமானது இந்த அடைப்புத்தான்.

ஐந்து நிமிடத்தில் பழக முடியாது

மாமா மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று வாரம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். துண்டு வெட்டிய அன்று எங்களிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளைத் தந்தார்கள். சன நெருக்கடியான வார்ட். ஐந்து நிமிடத்தில் விளக்கம் முடிந்துவிட்டது. அந்தத் தாளை மாமியால் வாசிக்க முடியவில்லை. அன்றிரவு முழுவதும் குழாயைத் தொடவே எல்லோருக்கும் கை நடுங்கியது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். ஊரில் எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றே கூப்பிடுவார்கள். அவர் தாளை எடுத்து வாசிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, சளியை எப்படி உறிஞ்சி எடுப்பது என்று ஒருமுறை செய்து காட்டினார். பிறகு மாமியின் கையைப் பிடித்துச் செய்வித்தார். மூன்றாம் நாள் மாமி தனியே செய்ய, அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘இப்ப நீங்க எனக்குச் சொல்லித் தாங்கோ’ என்று மாமியையே விளக்கவும் வைத்தார். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த முறையும் இதுதான். செய்து காட்டு, கூட நின்று செய்வி, தனியே செய்ய விடு.

அவர் பழக்கியதன் அருமை ஒரு கிழமையில் தெரிந்தது. நள்ளிரவில் மாமா திடீரென்று மூச்சு எடுக்க முடியாமல் தவித்தார். உதடு கறுத்தது. மாமி பதறாமல் உள் குழாயைக் கழற்றி எடுத்தார். அதன் நுனியில் காய்ந்த சளி ஒரு தக்கை போல அடைத்திருந்தது. அதை எடுத்தவுடன் மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே எனது முதல் வேண்டுகோள் இது. வீட்டில் குறைந்தது இரண்டு பேர், வைத்தியசாலையில் தாதியின் முன்னால் இந்த வேலைகளைத் தாங்களே செய்து காட்டும் வரை துண்டு வெட்டச் சம்மதிக்காதீர்கள். ‘இன்னும் ஒருமுறை காட்டித் தாங்க மிஸ்’ என்று கேட்பதில் வெட்கமில்லை. ஒருவர் மட்டும் பழகினால் அவர் குளிக்கப் போகும் நேரத்தில்கூட நோயாளி தனித்துவிடுவார்.

சளியை உறிஞ்சுதல்

சளியை மணிக்கணக்கு வைத்து எடுக்கத் தேவையில்லை. களகளவென்று சத்தம் கேட்டால், சளி குழாயில் தெரிந்தால், இருமல் வந்தும் வெளியேறாவிட்டால், மூச்சு வேகமானால் எடுக்க வேண்டும். அவசியமில்லாமல் அடிக்கடி உறிஞ்சினால் மூச்சுக்குழாய் புண்ணாகி இரத்தம் வரும்.

முதலில் சவர்க்காரத்தால் கையை நன்றாகக் கழுவி, கையுறை போடுங்கள். நோயாளிக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். உறிஞ்சும் மெல்லிய டியூப் கழுத்துக் குழாயின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 8 இலக்கக் குழாய்க்கு 12 இலக்க டியூப் பொருந்தும். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போது மட்டுமே உறிஞ்ச வேண்டும். உள்ளே விடும் ஆழத்தை வைத்தியசாலையில் அளந்து தருவார்கள், அதற்கு மேல் போகக் கூடாது. ஒரு தடவைக்கு 10 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். நீங்கள் உறிஞ்சும் நேரத்தில் அவருக்கு மூச்சுக் காற்று கிடைப்பதில்லை. எங்கள் மிஸ் ‘நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு செய்யுங்கோ, உங்களுக்கு முட்டினா அவருக்கும் முட்டும்’ என்பார். அடுத்த தடவைக்கு முன் அவர் நன்றாக மூச்சு எடுக்கும்வரை காத்திருங்கள்.

சளியின் நிறத்தையும் தடிப்பையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பச்சை, மஞ்சள், கெட்ட வாடை, காய்ச்சல் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். சாப்பிட்ட உணவின் நிறத்தில் சளி வந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். உணவை நிறுத்திவிட்டு உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தினசரி வேலைகள்

பல குழாய்களுக்குள் கழற்றிக் கழுவக்கூடிய உள் குழாய் ஒன்று இருக்கும். ஒரு நாளில் குறைந்தது இரண்டு மூன்று தடவை அதை எடுத்துப் பார்த்து, வைத்தியசாலையில் சொன்ன முறைப்படி சுத்தம் செய்து மீண்டும் பூட்ட வேண்டும். துளையைச் சுற்றியுள்ள தோலை உப்புக் கரைசலான சேலைனால் துடைத்து உலர வையுங்கள். பவுடர் போடாதீர்கள். பஞ்சையோ, நூல் உதிரும் துணியையோ துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இழைகள் உள்ளே போய்விடும்.

கழுத்தைச் சுற்றிய நாடாவுக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல் போகுமளவு இடைவெளி இருக்க வேண்டும். நாடாவை மாற்றும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் நாடாவை மாற்ற வேண்டும். ஒரு இருமலில் குழாய் வெளியே வந்துவிடக்கூடும்.

காற்றை ஈரமாக்க, சேலைன் நெபுலைசர் கொடுக்கச் சொல்வார்கள், அல்லது குழாயின் வாயில் பொருத்தும் சிறு ஈரப்பத வடிகட்டியைத் தருவார்கள். யாழ்ப்பாணத்தின் செம்மண் புழுதியும் சோளகக் காற்றும் இப்படிப்பட்டவருக்குக் கூடாது. அடுப்புப் புகை, சிகரெட், நுளம்புத்திரி, சாம்பிராணி ஆகியவற்றை அந்த அறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நுளம்புக்கு வலை போதும்.

வீட்டில் பாவிக்கும் சக்ஷன் இயந்திரங்களில் அநேகமானவை கரண்டில் வேலை செய்பவை. 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பற்றரி உள்ள இயந்திரம் அல்லது காலால் மிதித்து இயக்கும் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

கஃப்பும் பேசும் வால்வும்

சில குழாய்களின் நுனியில் காற்று நிரப்பும் சிறு பலூன் இருக்கும். அதைக் கஃப் என்பார்கள். வெளியே தொங்கும் சிறிய பை ஊதியிருந்தால் உள்ளே கஃப்பும் ஊதியிருக்கிறது. குணமாகி வரும் சிலருக்குப் பேசுவதற்கு ஒரு வால்வு தருவார்கள். அந்த வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வெளிமூச்சு குரல் நாண்கள் வழியாக மேலே போவதால் சத்தம் வரும். கஃப் ஊதியிருக்கும்போது வால்வைப் போட்டால் எடுத்த மூச்சு வெளியேற வழியே இருக்காது. சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். ஆகவே கஃப்பை முழுமையாக இறக்கிய பிறகே வால்வு, அதுவும் வைத்தியசாலையில் முதலில் போட்டுப் பார்த்த பிறகே. வால்வைப் போட்டபடி தூங்க விடாதீர்கள்.

குரல் இல்லாதவருக்கு மணி ஒன்றைக் கையில் கொடுங்கள். எழுதுவதற்குச் சிறு பலகை கொடுங்கள். எழுத முடியாதவருக்கு ‘தண்ணீர், வலி, சளி, மூச்சு, கழிப்பறை, தொழுகை’ என்று படத்தோடு ஓர் அட்டை செய்து, விரலால் தொடச் சொல்லுங்கள். இதைப் பாடசாலைப் பிள்ளைகளே அரை மணித்தியாலத்தில் செய்துவிடுவார்கள்.

அவசர நேரத்தில்

கட்டில் தலைமாட்டில் ஒரு பெட்டி எப்போதும் இருக்க வேண்டும். அதில் அதே அளவுக் குழாய் ஒன்று, ஓரளவு சிறிய குழாய் ஒன்று, மாற்று உள் குழாய், நாடா, கத்தரிக்கோல், கையுறை, சேலைன், டோர்ச் இருக்கட்டும். நோயாளியை ஓட்டோவில் கிளினிக்குக் கொண்டுபோனாலும் அந்தப் பெட்டியும் கூடப் போக வேண்டும்.

மூச்சுத் திணறினால் முதலில் உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். பேசும் வால்வோ மூடியோ இருந்தால் கழற்றுங்கள். உள் குழாயை எடுத்துப் பாருங்கள். சக்ஷன் டியூப் தடையில்லாமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். அப்படியும் மூச்சு சீராகாவிட்டால், அல்லது குழாய் முழுவதும் வெளியே வந்துவிட்டால், உங்களுக்குப் பழக்கிய முறைப்படி செய்தபடியே அம்புலன்ஸை அழையுங்கள்.

சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்தது. அதன் இலக்கம் 1990. யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நமக்கு அந்த எண் வேறொன்றை நினைவூட்டும் என்பது உண்மைதான். வீட்டுச் சுவரில் இந்தக் காரணத்துக்காகவும் அதை எழுதி வையுங்கள். அழைக்கும்போது ‘கழுத்துக் குழாயால் மூச்சு எடுப்பவர்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒட்சிசன் வைப்பவர்கள் வழக்கம்போல மூக்கிலும் வாயிலும் மட்டும் வைத்துவிட்டால் காற்று நெஞ்சுக்குப் போய்ச் சேராமல் போகலாம். கழுத்திலும் வைக்க வேண்டும்.

புற்றுநோய்க்காகக் குரல்வளையையே முழுவதுமாக அகற்றியவர்கள் வேறு வகை. வெற்றிலை, புகையிலையால் தொண்டையிலும் வாயிலும் புற்றுநோய் வந்து தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் போகிறவர்களை நாம் காண்கிறோம். குரல்வளை அகற்றப்பட்டவருக்கு வாய்க்கும் நெஞ்சுக்கும் தொடர்பே இல்லை, கழுத்துத் துளை மட்டுமே வழி. பிரித்தானியாவில் கட்டில் தலைமாட்டில் இந்த இரண்டு வகைக்கும் பச்சை, சிவப்பு என வெவ்வேறு நிற அறிவித்தல் தொங்கவிடுகிறார்கள். நாமும் வீட்டுக் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம்.

வுழூ, தொழுகை, நோன்பு

துளைக்குள் தண்ணீர் போவது நேராக நெஞ்சுக்குள் போவதற்குச் சமம். கடல், குளம் கூடவே கூடாது. குளிக்கும்போது தண்ணீரை நெஞ்சுக்குக் கீழே ஊற்றி, தலையைத் தனியாகக் கவனமாகக் கழுவ வேண்டும். கழுத்து வுழூவின் கட்டாய உறுப்புகளில் இல்லை. முகத்தைக் கழுவும்போது தண்ணீரை அள்ளி வீசாமல் ஈரக் கையால் மெதுவாகச் செய்து, துவாயைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டால் போதும். தண்ணீர் தீங்கு தரும் நோயாளிக்கு மார்க்கம் தயம்மும் என்ற சலுகையைத் தந்திருக்கிறது. குளிப்புக் கடமை, நோன்பு பற்றி, வைத்தியர் சொன்னதைக் கொண்டுபோய் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

குரல் இல்லையே, கிராஅத் எப்படி ஓதுவது என்று மாமா பலகையில் எழுதிக் கேட்டார். பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து, நாவை அசைத்து ஓதினால் போதும், அல்லாஹ் சக்திக்கு மீறி எதையும் சுமத்துவதில்லை என்று விளங்கப்படுத்தினார். அன்று அவர் முகத்தில் வந்த நிம்மதி எந்த மருந்தாலும் வந்ததல்ல.

தாடி வைத்திருப்பவர்கள் முடி துளைக்குள் போகாதபடி ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பெண்கள் மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகப் போடலாம், அது தூசையும் தடுக்கும். ஊசி குத்துவதும் இறுக்கிச் சுற்றுவதும் வேண்டாம்.

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தடிமன், இருமல் இருந்தால் போகாதீர்கள். அத்தர் பூசிக்கொண்டு அறைக்குள் போகாதீர்கள். அவருக்குக் காது கேட்கும். அவர் முன்னாலேயே ‘இனி எழும்புவாரா?’ என்று வீட்டாரிடம் கேட்காதீர்கள். அவரிடமே பேசுங்கள், அவர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். முடிந்தால் மாமி, ராத்தா என்று பராமரிப்பவரிடம் ‘இரண்டு மணித்தியாலம் நான் இருக்கிறேன், நீங்க கொஞ்சம் தூங்குங்க’ என்று சொல்லுங்கள். பழச்சாறுப் போத்தலை விட அது பெரிய உதவி.

நாம் செய்யக்கூடியது

திருநெல்வேலியிலிருந்து மானிப்பாய் சில கிலோமீற்றர்தான். அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அப்படிப்பட்ட மண்ணில், வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் ஆங்கிலத் தாள் மட்டும் இருக்கக் கூடாது. நமது சமூகத்திலிருந்து வைத்தியத்துறையில் படிக்கும் மாணவர்கள் இரண்டு பக்கத்தில் எளிய தமிழில், படத்தோடு ஒன்றைத் தயாரித்து, நிபுணர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வெளியிடலாம்.

இரண்டாவது, பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சந்தூக் இருக்கிறது, மையித்தைக் குளிப்பாட்டும் கட்டில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படும்போது யாரும் பணம் கேட்காமல் கொடுக்கிறோம். அதே அறையில் ஒரு சக்ஷன் இயந்திரம், ஒரு நெபுலைசர், ஒரு பற்றரி ஆகியவற்றையும் ஸதகா நிதியில் வாங்கி வைத்தால் என்ன? தேவையான குடும்பம் கொண்டுபோய்ப் பாவித்து, முடிந்ததும் சுத்தம் செய்து திருப்பித் தரும். ஜமாஅத்தில் உள்ள ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் வருடத்துக்கு இரண்டு தடவை பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே செய்து காட்டச் சொல்லலாம். சக்ஷன் இயந்திரம் வாங்க வசதியில்லாததால் நோயாளியை வார்ட்டிலேயே விட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

மாமாவுக்கு நான்காம் மாதம் குழாயைக் கழற்றினார்கள். துளை இரண்டு கிழமையில் மூடியது. குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கிறது. நாங்கள் இரவல் வாங்கிய இயந்திரம் இப்போது வேறொரு வீட்டில் வேலை செய்கிறது. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் நிர்வாக சபையிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொறுமையையும் பலத்தையும் தருவானாக.